ஏற்கெனவே பதிவான பெயர்

"பேரு போச்சுக்கா" என்று தம்பி போனில் சொன்னபோது டெய்லரக்கா ஒரு சட்டையின் கழுத்துப்பட்டையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். யாருடைய பேர், எப்படிப் போயிற்று என்று கேட்டாள். தம்பி விளக்கினான். இணையக் கடைக்கு அவள் ஆசைப்பட்டு வைத்த பெயரைப் பதிவு செய்யப் போனானாம். நேற்று மத்தியானம் காலியாக இருந்த பெயரை யாரோ அதற்குள் எடுத்துவிட்டார்களாம். யார் என்று காட்டவில்லையாம். எடுத்தவர் தன் விவரத்தை மறைத்து வைத்திருக்கிறாராம்.

அவள் ஊசியைப் பட்டையில் குத்தி வைத்தாள். "நேத்து இருந்தது இன்னிக்கு இல்லையா?"

"அதான் சொல்றேனே. இதுக்குத்தான் அப்பவே மூணெழுத்துல வெச்சுக்கலாம்னு சொன்னேன்."

அவன் சொன்னதில் அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான் அவள் காதில் தங்கியது. பெயர் போனதற்கு அவன் குரலில் வருத்தமே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. போனை வைத்த பிறகும் தோன்றிக்கொண்டே இருந்தது.

டெய்லரக்கா என்பது தெரு அவளுக்குக் கொடுத்த பெயர். வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு தையல் மெஷின், துணி வெட்ட ஒரு நீள மேஜை, இஸ்திரிப் பெட்டி, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட பழுப்புக் காகித அளவுகள். பள்ளிச் சீருடை, கால்சட்டைக்கு மடிப்பு, ஜிப் மாற்றுவது என்று ஓடிக்கொண்டிருந்த தொழில் அது. அவள் கணவரை எல்லோரும் டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது அவர் வண்டி ஓட்டுவதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் பைக் சறுக்கி, தோள்பட்டை நரம்பு அறுந்து, வலது கை தொங்கிப்போயிற்று. பஸ் கம்பெனி அவரை டிப்போவிலேயே நேரக்குறிப்பாளராக உட்கார வைத்தது. எந்த வண்டி எப்போது கிளம்பியது, எப்போது வந்தது என்று எழுதுவது வேலை. இடது கையால் எழுதப் பழகினார், சாப்பிடப் பழகினார், முகம் மழிக்கக்கூடப் பழகினார். பட்டனிடம் மட்டும் தோற்றார்.

எட்டு மாதம் தினமும் காலையில் அவள்தான் பட்டன் போட்டுவிட்டாள். அவர் மோவாயைத் தூக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி நிற்பார். ஒருநாள் அவளாகவே அவருடைய பழைய சட்டை ஒன்றை எடுத்து, பட்டன் நுழையும் காஜாத் துளைகளை எல்லாம் மூடித் தைத்து, அதன்மேல் பட்டன்களைச் சும்மா பார்வைக்காக வைத்துத் தைத்தாள். உள்ளே துணி மடிப்புக்குள் மாத்திரை அளவில் காந்தங்கள். இரண்டு பக்கத்தையும் கிட்டக் கொண்டுபோனால் தானாகவே டக் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணச் சட்டைதான். டிரைவர் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் ஆறு தடவை திறந்து மூடினார். "பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அவரிடமிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டை யாரும் வாங்கியதில்லை.

ஆஸ்பத்திரியில் அவருக்குக் கைப்பயிற்சி கொடுக்கிறவர் அந்தச் சட்டையைக் கண்டுபிடித்துவிட்டார். பிறகு அவர் ஆள் அனுப்ப ஆரம்பித்தார். பக்கவாதம் வந்தவர், விரல் நடுங்குகிறவர், மூட்டு வீங்கி விரல் மடங்காதவர். நெஞ்சில் கருவி பொருத்தியவர்களுக்குக் காந்தம் ஆகாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர்களுக்கு மட்டும் வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்தாள். ஒரு வருஷத்தில் மேஜை நிறைய வேலை. இதை ஊர் உலகத்துக்கே விற்கலாம் என்று தம்பிதான் முதலில் சொன்னான். அவன் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். வெப்சைட் செய்துதர ஒரு பெண்ணையும் அவனே பிடித்து வந்தான். முகத்தில் பாதியை மறைக்கிற மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் டிரைவர் அவளுக்குக் கண்ணாடி என்று பெயர் வைத்தார்.

பெயர் வைக்கிற பேச்சு அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முன்னறையில் நடந்தது. டிரைவர் உள்ளறை வாசலில் நாற்காலி போட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். டெய்லரக்கா யோசிக்கவே இல்லை. ஒற்றைக் கை சட்டை என்றாள். தேவைப்படுகிறவனுக்குப் பார்த்ததும் புரிய வேண்டும், இங்கே சாவி செய்யப்படும் என்று எழுதி வைத்தால் பூட்டுக்காரன் கடை எது என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்றாள்.

கண்ணாடி அதை ஆங்கில எழுத்தில் அடித்துப் பார்த்தாள். அங்கேதான் தகராறு தொடங்கியது. ஒற்றை என்பதற்கு எத்தனை டி, எத்தனை ஆர் என்று மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். ஆர் எழுத்தே விட்டுப்போனால் அது ஓட்டை ஆகிவிடும் என்று கண்ணாடி காட்டினாள். ஓட்டைக் கை சட்டை என்று தேடுகிறவர்களுக்கு நம் கடை எப்படிக் கிடைக்கும் என்று தம்பி சிரித்தான். முழு வார்த்தையெல்லாம் வேண்டாம், ஓ.கே.எஸ். என்று மூன்றெழுத்து வைத்துவிடலாம், தப்பாக அடிக்கவே முடியாது, சின்ன லேபிளில் தைக்கவும் சுலபம் என்றான்.

"ஓ.கே.எஸ்.னா என்னன்னு யாருக்குடா தெரியும்?" என்று அவள் கேட்டாள். "மூணெழுத்துக்கு யாரு வேணா என்ன அர்த்தம் வேணா சொல்லிக்கலாம்."

"அதுதான்கா வசதியே" என்றான் தம்பி.

அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கண்ணாடி நடுவில் புகுந்து, சுருக்கெழுத்தை ஜனங்கள் மனதில் பதிய வைக்கப் பெரிய கம்பெனிகளுக்கே வருஷக்கணக்கில் ஆகிறது, புதுக் கடைக்கு முழு வார்த்தைதான் தேடுகிறவர்களை அழைத்து வரும், ஆனால் எழுத்துப்பிழைத் தொல்லையும் உண்மைதான் என்று இரண்டு பக்கமும் ஆடினாள். டிரைவரிடம் கேட்டார்கள். நீங்கள் படித்தவர்கள் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். கடைசியில் சட்டை தைக்கிறவள் சொல்தான் நின்றது. அந்தப் பெயர் காலியாக இருக்கிறதா என்று கண்ணாடி தேடிப் பார்த்து, இருக்கிறது என்றாள். அடையாள அட்டையின் நகல் வேண்டியிருந்ததால், அதை வாங்கிக்கொண்டு போய் மறுநாள் காலையில் பதிவு செய்வதாகத் தம்பி சொன்னான். அந்த ஒரு பொழுதுக்குள்தான் பெயர் போயிற்று.

யாருக்கெல்லாம் தெரியும் என்று அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். தான், தம்பி, கண்ணாடி. டிரைவரை அவள் எண்ணவே இல்லை. ஒரே வீட்டில் படுத்து எழுகிற மனிதரைச் சேர்த்து எண்ணுவது அவள் புத்தியில் வரவில்லை.

மறுநாளே கண்ணாடியைப் பார்க்கப் போனாள். மருந்துக்கடைக்கு மேலே, குறுகிய படி ஏறினால் ஒரே அறை. இரண்டு திரைகள், ஒரு மேஜைவிசிறி, காலி டீக்கப்புகள். டெய்லரக்கா சுற்றி வளைத்துத்தான் கேட்டாள். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. கோபப்படவில்லை. நல்ல நல்ல பெயர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு விற்கிற கூட்டம் ஒன்று உண்டு, ஆனால் அவர்களுக்கு இப்படித் தமிழ் வார்த்தை மூன்றை எழுத்துக்கூட்டி எடுக்கத் தோன்றாது என்றாள்.

"இது உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாரோ எடுத்ததுதான்கா. நான் அன்னிக்கு அடிச்ச அதே எழுத்து, ஒரு டி, ரெண்டு ஆர். அந்த ரூமுக்கு வெளியில யாருக்கும் இப்படி வராது."

சொல்லிவிட்டு அவள் வேறொன்றையும் திரையில் தேடிக் காட்டினாள். தம்பி போன் செய்த அந்தத் திங்கட்கிழமை காலையில் ஓ.கே.எஸ். என்ற பெயரும் பதிவாகியிருந்தது. அதில் மறைப்பு எதுவும் இல்லை. தம்பியின் பெயர் பளிச்சென்று இருந்தது.

படி இறங்கும்போதே டெய்லரக்கா கணக்குப் போட்டுவிட்டாள். சின்னப் பெயரைத் தன் பேரில் எடுத்துக்கொண்டான். பெரிய பெயரை மறைத்து எடுத்து, கிடைக்காமல் செய்துவிட்டான். இனி அவன் சொல்கிற மூன்றெழுத்துக்குள் அவள் போய்த்தான் ஆக வேண்டும். அங்கே போன பிறகு அந்த எழுத்துகளுக்கு என்ன அர்த்தம் என்று அவன் சொல்வதுதான் அர்த்தம். எல்லாம் பட்டனும் காஜாவும் போலப் பொருந்தி வந்தது. பொருந்தி வந்ததே அவளுக்குப் போதுமான சாட்சியாகப் பட்டது.

காந்த மடிப்புக்கு உள்துணி வாங்கத் துணிக்கடைக்குப் போனபோது, யாரோ தெரிந்தவர் விஷயம் போல முதலாளியிடம் பேச்சுக் கொடுத்தாள். அவர் கத்தரியை மேஜைமேல் வைத்துவிட்டு உற்சாகமாக ஒரு கதை சொன்னார். இரண்டு பங்காளிகள் தங்கள் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்துக் கடை நடத்தினார்களாம். ஒருவரை வெளியே தள்ளிய பிறகும் பலகையை மாற்றவே இல்லையாம். எழுத்து அப்படியே இருந்தது, வெளியே போனவரின் எழுத்துக்கு மட்டும் இப்போது இருக்கிறவரின் மச்சினன் பெயர் வந்துவிட்டது என்றார். டெய்லரக்கா துணியை வாங்க மறந்து பாதி வழி வந்து, திரும்பிப் போய் வாங்கிக்கொண்டாள்.

அந்த வாரம் தம்பி இரண்டு தடவை வந்தான். அவள் பார்வை மாறியிருந்ததால் அவன் செய்ததெல்லாம் வேறு மாதிரித் தெரிந்தது. போன் வந்தால் தெருவுக்கு எழுந்து போய், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினான். யார் என்று கேட்டால் ஆபீஸ் என்றான். ஆபீஸ் பேச்சை எதற்குத் தெருவில் நின்று பேச வேண்டும். சட்டையை உட்புறம் திருப்பி, காந்தம் இருக்கும் மடிப்பைக் கிட்டத்தில் வைத்துப் படமெடுத்தான். வாங்குகிறவர்களுக்கு விளக்க வேண்டுமாம். அவன் போனதும் அவள் சுவரில் தொங்கிய காகித அளவுகளைக் கழற்றிச் சுருட்டி, அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் வைத்தாள். வைக்கும்போது தன் வீட்டிலேயே தான் திருடுவது போல அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் வெளியே எடுக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அவன் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தபோது கேட்டுவிட்டாள். டிரைவர் வேலை முடிந்து வந்து, வழக்கமான நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஓ.கே.எஸ். யாரு பேர்ல இருக்கு?"

தம்பி நிமிர்ந்து பார்த்தான். "என் பேர்லதான். வேற யாராவது எடுத்துட்டா பின்னாடி தேவைப்படும்போது கிடைக்காதேன்னு எடுத்து வெச்சேன்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"சொன்னா நீ திட்டுவே."

"சரி. இன்னொண்ணு?"

"எந்த இன்னொண்ணு?"

"நீ எடுத்து மறைச்சு வெச்சிருக்கியே, என் பேரு. அது."

தம்பி அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு மாமாவைப் பார்த்தான். டிரைவர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தான். நிதானமாகத்தான் வைத்தான்.

"நான் இல்லன்னு சொல்லலாம்க்கா. ஆனா உனக்கு நான் திருடன்னு தோணிருச்சு. இனி நான் என்ன சொன்னாலும் அது திருடன் சொல்றதாத்தான் உனக்குக் கேட்கும்."

அவனுக்காக ஊற்றி வைத்த டீ மேஜையிலேயே ஆறி, மேலே ஆடை படிந்தது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவனிடமிருந்து போன் இல்லை. அவளும் செய்யவில்லை. தப்பு செய்தவன்தானே முதலில் பேச வேண்டும் என்று மெஷினை மிதித்தாள். நடுவில் ஒருநாள், தம்பி செய்த வேலையைப் பார்த்தீர்களா என்று கணவரிடம் ஆரம்பித்தாள். அவர் முகம் கொடுக்காமல், அந்தப் பேரே வேண்டாம், வேறு எதையாவது வைத்துத் தொலை என்றார். எப்போதும் இல்லாத வழக்கமாக அவர் தன் தட்டைத் தானே கழுவி வைக்க ஆரம்பித்தார். தம்பியை நினைத்து அவரும் மனம் நொந்திருக்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

கண்ணாடிதான் ஒரு வழி சொன்னாள். பெயரை எடுத்தவர் யார் என்று தெரியாவிட்டாலும், பதிவு செய்த நிறுவனத்தின் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கிறது, அதில் எழுதினால் அவருக்குப் போய்ச் சேரும் என்றாள். டெய்லரக்கா அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செய்தாள். டிரைவர் குளித்துக்கொண்டிருந்தார். அவள் அடுப்படியில் நின்றபடி போனில் எழுதினாள். 'எடுத்தது யார் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். ஏன் எடுத்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.' தம்பி படிக்கப்போகிறான் என்று நினைத்துத்தான் எழுதினாள். அவன் வாயிலிருந்து அந்த ஏன் வந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

அனுப்பிவிட்டுப் போனை வைத்தாள். குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும், ஃபிரிட்ஜின் மேல் சார்ஜில் இருந்த டிரைவரின் போன் அதிர்ந்தது. விடுமுறைநாளில் யாராவது வராவிட்டால் டிப்போவிலிருந்து கூப்பிடுவது உண்டு. அதுவாக இருக்கும் என்று எட்டி எடுத்துப் பார்த்தாள். அவள் எழுதிய வரி திரையில் நின்றது.

அப்போதுகூட அவள் மனசு முதலில் தம்பியிடம்தான் ஓடியது. மாமாவின் மெயிலைப் போட்டு எடுத்திருக்கிறான், எவ்வளவு கெட்டிக்காரன் என்று நினைத்தாள். அப்படி நினைத்துக்கொண்டே நின்றபோது தண்ணீர்ச் சத்தம் நின்றது. டிரைவர் ஈரத் தலையோடு, சட்டை திறந்தபடி வெளியே வந்தார். அவள் கையில் தன் போன் இருப்பதைப் பார்த்தார். ஏன் என் போனை எடுத்தாய் என்று அவர் கேட்டிருந்தால் அவள் இன்னும் கொஞ்ச நேரம் தம்பியையே சந்தேகப்பட்டிருப்பாள். அவர் கேட்கவில்லை. உள்ளறைக் கட்டிலின் ஓரத்தில் போய் உட்கார்ந்தார்.

"நான்தான் எடுத்தேன்" என்றார்.

பெயர் பேசிய அன்றைக்கே, அந்த ஞாயிறு மாலை ஷிஃப்டில், ஒரு வண்டி போய் அடுத்தது வருவதற்குள் டிப்போவில் உட்கார்ந்து இடது கட்டைவிரலால் அடித்து, தன் அடையாள அட்டையையே படமெடுத்துப் போட்டு எடுத்தாராம். கண்ணாடி எழுத்துக்கூட்டியதைக் காதில் வாங்கியிருந்தார். மூன்றாவது தடவையில்தான் சரியாக வந்ததாம். யாரிடமும் உதவி கேட்கவில்லையாம்.

"எதுக்குங்க?"

"சட்டைக்குப் பேரு வைக்கச் சொன்னா நீ என் கைக்குப் பேரு வெச்சே."

அவள் உள்ளறை வாசல் வரை வந்தாள். அவர் தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனார். டிப்போவில் ஒருவருக்கும் சட்டை விஷயம் தெரியாது. முதல் தடவை அந்தச் சட்டையோடு போனபோது ஒரு கண்டக்டர், ஒரே கையால் பட்டனெல்லாம் போட்டுக்கொண்டு வருகிறார் பாருங்கள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாராம். சிலர் கை தட்டினார்களாம். இவர் மறுத்துச் சொல்லவில்லை. அந்தக் கைதட்டலோடுதான் இரண்டு வருஷமாக அங்கே உட்கார்ந்திருக்கிறார். நாளைக்கு அவர் பெண்டாட்டி ஒற்றைக் கை சட்டை என்று உலகம் முழுக்கக் கடை விரித்தால், டிப்போவில் எல்லாக் கையிலும் போன் இருக்கிறது, எவனாவது பார்ப்பான், முதலில் அவர் மார்பைத்தான் பார்ப்பான். தம்பி சொன்ன மூன்றெழுத்து அவருக்கு அதனால்தான் நன்றாக இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது? வெட்கமா இருக்குன்னா?"

அவர் பக்கத்தில் போய் உட்காரத்தான் அவள் நினைத்தாள். ஆனால் ஆறிப்போன அந்த டீ ஞாபகம் வந்தது.

"அது உங்க வெட்கம், புரியுது. நான் அவனைத் திருடன்னு சொன்னப்போ நீங்க அங்கதானே உட்கார்ந்திருந்தீங்க. டம்ளரைப் பார்த்துக்கிட்டு."

அதற்கு மேல் அவளால் அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை. பேசாமல் இருந்தது அவர், ஆனால் சொன்னது அவள். கூடப் பிறந்தவனைச் சந்தேகப்பட அவளுக்கு ஒரு வாரம் போதுமாக இருந்தது. துணிக்கடைக்காரர் கதைகூட அவளாகத் தேடிப்போய்க் கேட்டதுதான்.

டிரைவர் எழுந்து சட்டையை மூடினார், செருப்பை மாட்டினார். நானும் வருகிறேன் என்று அவள் சொன்னதற்கு, வேண்டாம், இது நான் போய்ச் சொல்ல வேண்டியது என்றார். தம்பி வீடு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய தூரம். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. சாயங்காலம் வந்தார். என்ன சொன்னான் என்று கேட்டதற்கு, சாப்பிடச் சொன்னான், சாப்பிட்டேன் என்று மட்டும் சொன்னார்.

மீதியை அவள் தம்பியிடமிருந்தேதான் தெரிந்துகொண்டாள். மன்னிப்புக் கேட்கப் போன் செய்தபோது அவன் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சரிக்கா, சரிக்கா என்றான். ஆபீஸில் அவன் பிரிவையே மூடப்போகிறார்களாம். இரண்டு மாதமாக வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறான். தெருவில் நின்று பேசிய போனெல்லாம் அதற்குத்தான். அக்காவுக்கு இருக்கிற கவலை போதாதா என்று சொல்லவில்லையாம். இந்தக் கடை நன்றாக ஓடினால் இதிலேயே இறங்கிவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. கால்சட்டை, பாவாடை, செருப்பு என்று பின்னால் எதைச் சேர்த்தாலும் ஓ.கே.எஸ். தாங்கும், சட்டை என்று பெயர் வைத்தால் சட்டையோடு நின்றுவிடுமே என்றுதான் மூன்றெழுத்தில் அவ்வளவு பிடிவாதம் பிடித்தானாம்.

அடுத்த ஞாயிறு அவன் வந்தான். கண்ணாடியும் வந்தாள். இந்தத் தடவை டிவி ஓடவில்லை. எடுத்து வைத்த பெயரைத் திருப்பித் தருகிறேன், நீ விரும்பிய மாதிரியே வைத்துக்கொள் என்று டிரைவர் சொன்னார். டெய்லரக்கா வேண்டாம் என்றாள். அது அப்படியே கிடந்து வருஷம் முடிந்ததும் காலாவதியாகட்டும் என்றாள். ஆனால் சுருக்கெழுத்துக்கும் அவள் இறங்கி வரவில்லை. விரல் மடங்காத ஒருவன் தேடினால் அவனுக்குப் புரிகிற வார்த்தை இருக்கத்தான் வேண்டும் என்றாள். பேச்சு பழையபடி சுற்றிச் சுற்றி வந்தது. டிரைவர் தன் சட்டையின் நடுப் பட்டனை நோண்டிக்கொண்டே இருந்தார்.

"இதைத் தொட்டா மூடிக்குது. தொடுபொத்தான்னு வையேன். கையும் இல்ல, சட்டையும் இல்ல. மாப்பிள்ளை நாளைக்குச் செருப்புல வெச்சாலும் அதே பேருதான்."

கண்ணாடி அடித்துப் பார்த்தாள். இரண்டு விதமாகத்தான் பிழை வரும், இரண்டையும் எடுத்துவிடலாம் என்றாள். லேபிளில் மட்டும் சுருக்கி டி.பி. என்று போடலாமா என்று தம்பி கேட்டான். "டி.பி.ன்னு போட்டா சட்டையை வாங்குறவன் முதல்ல எக்ஸ்ரே எடுக்கப் போவான்" என்றார் டிரைவர். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்த அறையில் எல்லோரும் சிரித்தது அப்போதுதான். கடையின் முதல் பக்கத்தில், பெயருக்குக் கீழே, ஒரு கையாலும் போட்டுக்கொள்ளலாம் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி போடட்டுமா என்று கண்ணாடி கேட்டாள். டெய்லரக்கா கணவரைப் பார்த்தாள். அவர் போடுங்கள் என்று தலையசைத்தார்.

கடை திறந்த இரண்டாம் மாதம், டிப்போவில் வண்டி கழுவுகிற பெரியவர் ஒருவர் மூட்டு வீக்கத்தால் சட்டையைத் திறந்துவிட்டுக்கொண்டு திரிவதைப் பார்த்து, டிரைவர் அவரைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டாராம். எல்லோரும் இருக்கும்போதே தன் சட்டையைத் திறந்து மூடிக் காட்டினாராம். கை தட்டிய அந்தக் கண்டக்டர், இவ்வளவு நாள் எங்களை ஏமாற்றினீர்களா என்று கேட்டாராம். ஆமாம் என்று சொன்னேன், அவ்வளவுதான் என்று வீட்டில் வந்து சொன்னார். அதைச் சொன்ன அன்று சாப்பாடு இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கடை மெல்ல ஓடுகிறது. தம்பிக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. சனி ஞாயிறில் வந்து தளத்தைப் பார்த்துக்கொள்கிறான். புதுப் பெயரை அவன் பேரிலேயே பதிவு செய்யச் சொல்லி டெய்லரக்கா வற்புறுத்தினாள். அவன் கேட்காமல் அவள் பேரில்தான் செய்தான். அளவுக் காகிதங்கள் மறுபடி சுவருக்கு வந்துவிட்டன. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு படத்தை மாற்றினாலும், ஒரு வரியைத் திருத்தினாலும், அவன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி, "பார்த்துக்கோக்கா" என்கிறான். அவள் தலையாட்டிய பிறகுதான் சேமிக்கிறான். முன்பெல்லாம் அவன் அப்படிக் கேட்டதில்லை. வேண்டாம்டா, நீயே பார்த்துச் செய் என்று சொல்ல அவள் ஒவ்வொரு தடவையும் வாயெடுக்கிறாள். சொன்னால் அவன் அதை எப்படி எடுத்துக்கொள்வானோ என்று, திரையில் இருப்பதை முழுக்கப் படித்துவிட்டு, சரி என்கிறாள்.